பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்

ஆற்றுத் தண்ணீரில் வளர்கிற புர்குப் புல்லின் தட்டைகளை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் சலமாத்துவின் கையில் அந்தக் கொத்து சிக்கியது.

நேற்று மாலை அவள் புருஷன் யாகூபா வெட்டிக்கொண்டு வந்து போட்ட கட்டு அது. இலையை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, குந்து காய்ச்சத் தேறுகிற தடித்த தட்டைகளைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் காயவைத்து, சுணையைத் தீயில் பொசுக்கி, உரலில் இடித்து, ஓட்டைப் பானையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற இனிப்புத் தண்ணீர்தான் குந்து. வெள்ளிக்கிழமை யாகூபாவின் தம்பி குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஊரே குடிக்க வரும். குந்து குறைந்துபோனால் பெயர் வைத்த வீட்டின் பெயர் கெட்டுவிடும் என்பதால் அவள் காலையிலிருந்து நிமிரவில்லை.

கணுவேர்கள் பின்னிக்கொண்டு பிரியாமல் வந்திருந்த ஒரு கொத்தை இழுத்தாள். அரிவாள் பட்ட தட்டை சாய்வாக, வழவழப்பாக இருக்கும். மாடு கடித்தால் நுனி மட்டும் போயிருக்கும். இந்தக் கொத்தின் அடியில் அரிவாள் பட்டிருந்தது. தலைப்பக்கம் அப்படி இல்லை. எல்லாத் தட்டையும் ஒரே உயரத்தில் நசுங்கி, நார் நாராகப் பிய்ந்திருந்தது. பிய்ந்த அகலத்தைச் சாணால் அளந்தாள். இரண்டு சாண் போதவில்லை.

அவ்வளவு பெரிய வாய் அந்த ஆற்றில் ஒன்றுக்குத்தான் உண்டு.

கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது. யாகூபா விடியும்போதே தோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நேற்று ஓரத்தில் வெட்டியாயிற்று, இன்றைக்கு நடுப்புல்லுக்குள் போகப்போகிறேன், அங்கேதான் தட்டை தடிமனாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். தடிமனாக எடுத்து வா என்று அனுப்பியதும் அவள்தான்.

அதைவிட மோசம், அவளிடம் ஒருவன் முன்பே சொல்லியிருந்தான்.

சுமைலா அவளுடைய மாமன் மகன். ஆற்றோடு பிறந்து ஆற்றோடு கிடக்கிற சோர்கோ மீனவன், வலையும் ஈட்டியும்தான் சொத்து. மாமன் மகனும் அத்தை மகளும் பேசிக்கொண்டால் அந்த ஆற்றங்கரையில் வசவும் பொய்யும் மட்டும்தான் பேச்சு. அவன் அவளை அடிமை என்பான், அவள் அவனை அடிமை என்பாள். கோபப்பட்டால் ஊர் சிரிக்கும். நம்பினால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். போன வருஷம் சுமைலா மாரில் அடித்துக்கொண்டு வந்து அவள் மாமனார் மௌத்தாகிவிட்டார் என்று அழுதான். அவளும் மண்ணில் புரண்டு அழுதாள். அந்த மாமனாரே கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து வந்து, இங்கே யார் செத்தது என்று கேட்டார். சுமைலா ஒரு கிண்ணம் கூழ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அவள் சும்மா விடவில்லை. மறுவாரம் அவன் மீன்கூடையைத் தவளையால் நிரப்பி மூடி சந்தைக்கு அனுப்பிவைத்தாள்.

உண்மையான சேதி இருந்தால் மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புவார்கள். ஆள் கிடைக்காமல் தானே சொல்ல நேர்ந்தால், அடிமை என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இதற்குமுன் சுமைலா அவளை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒரு முறை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் தாய் ஆற்றில் போன அன்று.

நாலு நாளைக்கு முன்னால் அவன் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு நேரே அவளிடம் வந்தான். துறையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா என் அடிமை. எஜமானிக்கு மீன் எங்கே?" என்றாள் அவள், எப்போதும்போல.

"சலமாத்து, உங்க புர்குக்குள்ளே நீர்யானை இருக்கு. கன்னு போட்டிருக்கு. யாகூபாவை அந்தப் பக்கம் விடாதே."

பெண்கள் துவைப்பதை நிறுத்தினார்கள். சலமாத்துவுக்குச் சுருக்கென்றது. பயத்தால் அல்ல, கோபத்தால். தாய் செத்த அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் விளையாட்டுக்கு எடுத்துவிட்டானே என்று பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. அதனால் வழக்கத்தைவிடக் காரமாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படியா? கன்னுக்குப் பேர் வச்சாச்சா? உன் பேரையே வைக்கச் சொல்லு. மூஞ்சியும் ஒத்துப்போகும்."

துறையே சிரித்தது. சுமைலா சிரிக்கவில்லை. "சலமாத்து," என்றான் இன்னொரு முறை.

"நடிப்பு முத்திப்போச்சுடி இவனுக்கு," என்றாள் அடுத்த வீட்டு பிபாத்தா. அவன் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அன்று இரவுச் சோற்றின்போது சலமாத்து சுமைலாவைப்போல முகத்தை வைத்துக்கொண்டு யாகூபாவுக்கு முழுக்கதையையும் நடித்துக் காட்டினாள். அவனுக்குச் சிரித்துச் சிரித்துச் சோறு மூக்கில் ஏறியது. நேற்று மாலை வந்ததும் அவனே சொன்னான். "உன் மாமன் மகன் இன்னிக்கும் விடலை. தூரத்துல நின்னுக்கிட்டு நீர்யானை, நீர்யானைன்னு கத்தறான். கன்னுக்குப் பேர் வச்சாச்சான்னு கேட்டுட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்." இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

இதுதான் இப்போது அவளைக் குடைந்தது. அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தால், நேற்று சுமைலா கத்தியபோது யாகூபா நம்பியிருப்பான். யாகூபா மேட்டுநிலத்துக்காரன், மாடு மேய்த்து வளர்ந்தவன். ஆற்றில் எது இருக்கும், எது இருக்காது என்று அவனுக்குத் தெரியாது. சோர்கோக்காரன் சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள்தான். அந்தக் காதை அடைத்து அனுப்பியது அவள்.

அரிவாளைக்கூட எடுக்காமல் துறைக்கு ஓடினாள்.

அந்தப் பக்கத்தில் நீர்யானையைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெரிய வறட்சியில் ஆறு சுருங்கியபோது புர்கு வேரோடு செத்தது. புர்கு போனதும் மாடு போனது, மீன் குறைந்தது, நீர்யானையும் எங்கோ போய்விட்டது. துறையிலிருக்கிற இளம்பெண்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த வருஷம்தான் சலமாத்துவும் யாகூபாவும் முதல்மழைச் சேற்றில் இறங்கிப் புர்கை நட்டார்கள். காவோ நகரப் பக்கத்திலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த வேர்க்கொத்துகள். ஓர் எட்டுக்கு ஒரு கொத்து, குதிகாலால் மிதித்து ஊன்றி, மாடு நுழையாமல் முள் வைத்து, வெள்ளம் வருமுன் அது முழங்கால் உயரம் வரவேண்டுமே என்று தினமும் போய்ப் பார்த்தாள். வெள்ளம் நாளுக்கு ஒரு சாண் ஏறும். புல்லும் கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். அது ஏறியது. ஆளுயரத் தண்ணீருக்குமேல் தலையை நீட்டி, பச்சைப் பசேலென்று கண்ணுக்கு எட்டியவரை நின்றது. எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கு அது முதலில் மணக்கும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

"பிபாத்தா, சுமைலா எங்கே?"

"ஏன், நீர்யானைக்கு நாள் குறிச்சாச்சா?"

"விளையாடாதே. புல்லுல கடிச்ச தடம் இருக்கு. நானே பார்த்தேன். யாகூபா நடுப்புல்லுக்குள்ளே போயிருக்கார்."

பிபாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "கடைசியிலே உன்னைச் சாய்ச்சுட்டானா உன் அடிமை? நாலு நாள் ஆச்சு, ஆனா சாய்ச்சுட்டான். ஏய், இங்கே வாங்கடி, சலமாத்து நம்பிட்டா."

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். எவள் முகத்திலும் ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் சலமாத்து தான் நின்ற இடத்தைக் கவனித்தாள். நாலு நாளைக்கு முன்னால் சுமைலா நின்ற அதே இடத்தில்தான் அவள் நின்றாள்.

"அவனை ரெண்டு நாளாத் துறையிலேயே காணோம்," என்றாள் ஒருத்தி. "வலையும் போடலை. உங்க புல்லுக்குள்ளேதான் தோணியை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கானாம். திருடறானோ என்னமோ, போய்ப் பாரு."

சலமாத்து பிபாத்தாவின் சின்னத் தோணியைத் தண்ணீரில் தள்ளி ஏறிக் கழியை எடுத்தாள். "ஏய், என் தோணிடி," என்று பின்னால் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

குளிர்காலக் காற்று எதிரில் அடித்தது. திறந்த ஆற்றில் இருந்தவரை அவளுக்குக் கை கால் வேலை செய்தது. புல்லுக்குள் நுழைந்ததும் எல்லாம் மாறிவிட்டது. யாகூபா வெட்டி ஒதுக்கிய சந்து வழியாகத்தான் போக முடியும். தோணி அகலம்தான் இருந்தது அது. இரண்டு பக்கமும் புல் அவள் தலைக்குமேல் நின்றது. கழியை ஊன்றினால் தட்டைகள் சுற்றிக்கொண்டு விட மறுத்தன. ஒவ்வொரு கொத்தையும் அவளே மிதித்து ஊன்றியிருந்தாள். ஏன் இவ்வளவு நெருக்கமாக நட்டுத் தொலைத்தேன் என்று தன்னையே வைதாள்.

கூப்பிடலாமா? கூப்பிட்டால் யாகூபாவுக்குக் கேட்கும். அதற்கும் கேட்கும். கன்று போட்டது சத்தம் வந்த திக்கில்தான் பாயும் என்று சின்ன வயதில் தாய் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வாயைக் கடித்துக்கொண்டு கழியை ஊன்றினாள்.

சந்து ஓரிடத்தில் இன்னொரு சந்தோடு சேர்ந்தது. அதை யாரும் வெட்டவில்லை. புல் இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஒரு வழி அமுங்கிக் கிடந்தது. இலைகளில் சாணம் தெறித்து அப்பியிருந்தது, இன்னும் காயவில்லை. அவள் தோணியை நிறுத்தினாள். நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது. வயிறு பருத்த ஆள் ஒருவன் அடிவயிற்றிலிருந்து சிரிப்பதுபோல இருந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. புல் முழுவதும் சிரிப்பதுபோல இருந்தது. அவள் தோணியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கழியை எதிர்ப்பக்கம் மாற்றிப் பிடிக்கக்கூடச் செய்தாள். போய் யாரிடம் சொல்வது? சொன்னால் யார் வரப்போகிறார்கள்? அல்லாவே, அல்லாவே என்று முணுமுணுத்துக்கொண்டு கழியைப் பழைய பக்கமே திருப்பினாள்.

பத்துக் கழி தள்ளியிருப்பாள். முதலில் ஒரு புல்கட்டு மிதந்து வந்தது. யாகூபா கட்டுகிற கட்டு அது, இரட்டை முடிச்சு. பிறகு இன்னொன்று. அதற்கப்பால் அவன் தோணியின் பாதி. பலகைகளைச் சேர்த்துத் தைத்த கயிறு பிய்ந்து தொங்க, மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியைக் காணோம். கொஞ்சம் தள்ளி அவன் நீலத் தலைத்துணி புல்நுனியில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

தண்ணீர் செம்மண் கலங்கலாகத்தான் இருந்தது. அது சேறா வேறெதுவுமா என்று அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் பயமாக இருந்தது. "யாகூபா," என்றாள். அதற்குக் கேட்டுவிடாதபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

வலப்பக்கத்துப் புல் அசைந்தது.

காற்றில் ஆடுகிற அசைவு அல்ல. எதுவோ கனமாக, மெதுவாக, புல்லை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. கழியை ஈட்டிபோல நீட்டிப் பிடித்தாள். தட்டைகள் விலகின. ஒரு தோணியின் மூக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால், தலையிலிருந்து கால்வரை சேறாக, சுமைலா.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாயைத் திறக்கப்போனான்.

அந்த ஒரு நொடியில் சலமாத்து பட்ட பயம் அதுவரை பட்ட எந்தப் பயத்துக்கும் ஈடாகாது. நீர்யானையைக்கூட மறந்துவிட்டாள். அவன் என்ன சொல்வான் என்று மட்டும்தான் பயந்தாள். முதல் வார்த்தையே போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தீர்ந்தது. தாய் போன அன்றும் இப்படித்தான் சேறும் சகதியுமாக வந்து வாசலில் நின்றான். பெயரைச் சொன்னான். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் கழியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பொத்தியும் கேட்டது.

"அடியே அடிமைக் கழுதை," என்றான் சுமைலா, ரகசியக் குரலில். "யாரைக் கேட்டுடி இங்கே வந்தே?"

அவள் தோணித் தட்டில் அப்படியே சரிந்தாள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. சுமைலா தன் தோணியை அவள் தோணியோடு ஒட்டிக் கொண்டுவந்தான். உள்ளே பச்சைப் புர்கைப் பரப்பி, அதன்மேல் யாகூபா மல்லாந்து கிடந்தான். தொடை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. வலையைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான் சுமைலா. யாகூபாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

"காலையிலே கத்தினேன்," என்றான் சுமைலா. "கன்னுக்குப் பேர் வச்சாச்சான்னு கேட்டான்."

"நான் சொல்லிக்கொடுத்தது," என்றாள் அவள்.

"தெரியும். உன் வாய் எனக்குத் தெரியாதா? நீ நம்பமாட்டே, அவனையும் நம்பவிடமாட்டேன்னுதான் ரெண்டு நாளா இங்கேயே கிடக்கேன். அப்படிக் கிடந்தும் பிந்திட்டேன்." அவன் சட்டென்று கையை உயர்த்தினான். "மூச்சு விடாதே."

இருபது எட்டுத் தள்ளி, சாய்ந்து கிடந்த வழியில், தண்ணீருக்குமேல் இரண்டு காதுகள் தெரிந்தன. காதுகள் ஒரு முறை சுழன்று தண்ணீரை உதறின. அடுத்து கண்கள். அந்தக் கண்கள் அவர்களைத்தான் பார்த்தன. பக்கத்தில் சின்னதாக இன்னொரு முதுகு. சுமைலா புல்லை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துத் தோணி நகராமல் நிறுத்தினான். யாகூபா முனகினான். அவள் குனிந்து அவன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். சூடான மூச்சு கையில் பட்டது. அது மெல்ல மெல்லக் குறைவதுபோல இருந்தது. கையை எடுக்கவும் பயம், எடுக்காமலிருக்கவும் பயம். அவளுக்குத் தெரிந்த தொழுகை வரிகளெல்லாம் பாதியிலேயே மறந்துபோயின.

கன்று புல்லைக் கடித்து இழுத்தது. தட்டை முறிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நிதானமாகத் தின்றது. தாய் காத்துக்கொண்டு நின்றது. பிறகு கன்று நகர்ந்தது, காதுகள் திரும்பின, வழி வெறிச்சென்று ஆனது.

சுமைலா நூறுவரை எண்ணினான்போலும். அதன் பிறகுதான் கழியை எடுத்தான். பிபாத்தாவின் தோணியைத் தன் தோணிக்குப் பின்னால் கட்டி, சலமாத்துவை யாகூபாவின் தலைமாட்டில் உட்காரவைத்து, வந்த வழியே தள்ளினான்.

கரை தெரிந்தது. யாகூபாவின் இமைகள் மூடிக்கொண்டே வந்தன. கன்னத்தைத் தட்டினால் திறந்தான், மறுபடி மூடிக்கொண்டான்.

"அவனைத் தூங்கவிடாதே," என்றான் சுமைலா, கழியை நிறுத்தாமல். "பேச்சுக் கொடு. என்னைத் திட்டு. உன் திட்டைக் கேட்டா அவன் சிரிப்பான். வாயில வந்ததைச் சொல்லி நல்லாத் திட்டு."

அவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவனைத் திட்டித்தான் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து வசவு சொல்வாள். இப்போது ஒன்றுகூட வரவில்லை. தொண்டையில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"சுமைலா," என்றாள்.

கழி பாதியில் நின்றது. அவன் திரும்பி யாகூபாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அப்படிக் கூப்பிடாதே," என்றான். "எனக்கு பயமா இருக்கு."